கோஷ்டியின் குரல்

பென்னலூருக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பது நேயர்கள் அறிந்ததே. வைஷ்ணவ ஆலயங்களில் பெருமாள் புறப்பாட்டின்போது, முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டி செல்லும். பின்னே வேத கோஷ்டி வரும். தமிழ் முன்னே, வேதம் பின்னே! தாய்மொழிக்கு இதனினும் பெருமை உண்டோ?

பலர் கூடிப் பகவானைப் பாடும் வழக்கம் மேனாட்டிலும் உண்டு. கேம்பிரிட்ஜில் 1441-ல் ஸ்தாபிக்கப்பட்ட கிங்ஸ் காலேஜின் தேவாலயப் பாடகர் குழு, 1963-ல் அல்லெக்ரியின் 'மிஸெரேரே'யை இசைத்தட்டில் பதிவு செய்து பெரும்புகழ் பெற்றது. அதில் உச்சஸ்தாயியை எட்டிய குரல் ஒரு சிறுவனுடையது. அக்குழுவில் சிறுவர்கள் பதினாறு பேர். குரல் உடையும் பருவத்தில் அவர்கள் விலக, புதிய சிறுவர்கள் பயின்று அவ்விடத்தை நிரப்புகிறார்கள். குழுவை வாழவைப்பது இசைத்தட்டு அன்று, இடையறாத பயிற்சியே.

நம் கோஷ்டியில் பல ஸ்தாயிகளின் இணைப்பு இல்லை. யாவரும் ஒரே குரலாய்ச் சொல்வார்கள். ஆயினும் அதற்கும் உயிர் பயிற்சிதான். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்வது 'சந்தை' முறை. திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் இவ்வாறே நெஞ்சில் பதிகின்றன.

இன்று பாசுரங்கள் கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன, நல்லதே. ஆனால், பிழையாகச் சொல்லும் பையனை ஒலிப்பதிவு திருத்துமா? ஒருவன் மூச்சு வாங்கும்போது அடுத்தவன் அடியைத் தாங்கிச் செல்லும் பழக்கத்தை அது கற்பிக்குமா? கேட்போர் பெருகிச் சொல்வோர் அருகினால், பதிவு மிஞ்சும், கோஷ்டி மிஞ்சாது. விடுமுறை நாட்களிலேனும் குழந்தைகளைச் சந்தைக்கு அனுப்புவது பெற்றோர் கடமையன்றோ?