நாகூரின் நாவலாசிரியை

தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று குறிப்பிடப்படுகிறவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998). சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்ததை எங்கள் பதுளைப் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். ஜுனைதாவைச் சொன்னால் ஆசிரியர்களே “அது ஆரு?” என்கிறார்கள்.

அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். பன்னிரண்டு வயதில் கல்யாணம். இளவயதிலேயே கணவர் மௌத்தாகிவிட்டார். 1938இல் ‘காதலா? கடமையா?’ அச்சேறியது. முன்னுரை தந்தவர் உ.வே.சாமிநாதையர். எண்பது தாண்டிய வயதில், ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்த பெரியவர், இருபத்தோரு வயது முஸ்லிம் பெண்ணின் நாவலைக் கையிலெடுத்திருக்கிறார். இதைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் பிரான்ட்டி சகோதரிகள் 1847இல் ‘பெல்’ என்ற புனைபெயருக்குள் தாங்கள் பெண்கள் என்பதை மறைத்தே நாவல் வெளியிட்டார்கள். ஜுனைதா தன் பேரிலேயே எழுதினார்.

பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மூணாம் வகுப்புப் படிச்சவ எப்படி டீச்சர் நாவல் எழுதினா?” நியாயமான கேள்வி. நாகூர் சும்மா ஊரல்ல. குலாம் காதிறு நாவலரைத் தந்த ஊர்; புலவர்களின் பேச்சும் பாட்டும் வீட்டுத் திண்ணைவரை வரும். பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் தமிழ் கிடைத்தது. தோட்டத்து லயத்தில் அது எங்கே கிடைக்கும்? அங்கே பள்ளிக்கூடம்தான் திண்ணை.

“பாருங்க, படிக்காமலே எழுதினா” என்று ஜுனைதாவைக் காட்டிப் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவதற்கு நியாயம் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பொறுக்காது. பன்னிரண்டு வயதில் கல்யாணம் முடித்து எழுதாமலே போன மற்றவர்களை யார் எண்ணினார்கள்? நம் நாட்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் வந்தபோதும் மணமகளுக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்றை வைக்கவில்லை.

ஒரு நாவலோடு அவர் நிற்கவில்லை. ‘மகிழம்பூ’, ‘இஸ்லாமும் பெண்களும்’ என்று தொடர்ந்தார். ‘சண்பகவல்லி தேவி அல்லது தென்னாடு போந்த அப்பாஸிய குலத் தோன்றல்’ என்றொரு நூலும் உண்டு. ‘அல்லது’ போட்டு இரட்டைத் தலைப்பு வைப்பது அந்தக் காலத்து நாவல் வழக்கம். எனக்குப் பிடித்தது அந்தத் தலைப்பின் துணிச்சல்: பக்தாதையும் தென்னாட்டையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டார். அவருடைய உறவினரான எழுத்தாளர் நாகூர் ரூமி எழுதியிருக்காவிட்டால், நானும் அவரை அறிந்திருக்கமாட்டேன்.