நள்ளிரவில் கெண்டைக்காலைப் பிடிப்பது எது?

நீரிழிவு உள்ளவர்கள் அறிய வேண்டிய காரணங்கள்

கொல்லிமலையை நாடு நாடாகப் பிரித்து வழங்குவது பழைய வழக்கம். அவற்றுள் ஒன்று தேவனூர் நாடு. அங்கே பகலெல்லாம் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, காட்டு வேலை முடித்து, இரவுக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக் கொண்டு படுத்த ஒரு குடியானவரை எண்ணிக் கொள்ளுங்கள். வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரை வியாதி கண்டு பத்து ஆண்டுகள் ஆகின்றன.

நடு இரவு. ஆடுசதை திடீரென்று கல்லைப் போல இறுகுகிறது. "ஐயோ!" என்று எழுந்து உட்காருகிறார். மனைவி பதறி எழுந்து காலை நீவி விடுகிறாள். இரண்டு மூன்று நிமிஷங்களில் இறுக்கம் விட்டு விடுகிறது. சதையில் மட்டும் விடியும் வரை நோவு தங்குகிறது.

"மலை ஏறி இறங்கிய அலுப்பு" என்கிறார் அவர். "வாயுப் பிடிப்பு" என்கிறாள் மனைவி. "ஆட்டுக்கால் கிழங்கு வாங்கி ரசம் வைத்துக் குடியுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூவருக்குமே ஒன்று நினைவுக்கு வரவில்லை. அவருடைய இரத்தத்தில் உள்ள சர்க்கரைதான் அது.

இது மலையில் மட்டும் நடப்பதல்ல. சென்னையில் மாடி வீட்டிலும் நடக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக் கொள்வது வயதானவர்கள் பலருக்கும் உள்ள தொல்லைதான். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. காரணம் ஒன்றல்ல, பல.

குரக்குவலி எது? எரிச்சல் எது?

முதலில் வலியை இனம் பிரிக்க வேண்டும். சதை தானாக இறுகி, தொட்டால் கட்டியாகத் தெரிந்து, சில நிமிஷங்களில் தளர்ந்தால் அது குரக்குவலி. பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி ஆகியவை நரம்புக் கோளாறின் அடையாளங்கள். வலி எதுவும் இல்லாமல், காலை ஆட்டிக் கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றுவது வேறொரு நோய். மூன்றையும் "கால் வலி" என்ற ஒரே சொல்லில் டாக்டரிடம் சொல்லி விட்டால், அவருக்குத் துப்புக் கிடைப்பது கஷ்டம்.

நரம்புகள் படும் பாடு

முதற் காரணம் நரம்பு. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால், நரம்புகளும் அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே கேடு அங்கேதான் முதலில் தெரிகிறது. கெட்டுப் போன நரம்பு, உத்தரவு இல்லாமலே சதைக்குக் கட்டளை அனுப்புகிறது. சதையும் சுருங்கி விடுகிறது. நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு என்றாவது ஒரு நாள் நரம்புக் கோளாறு வருகிறது.

நீரும் உப்பும் போகும் வழி

இரண்டாவது காரணம் சிறுநீரோடு சம்பந்தப்பட்டது. 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் வெளியே விட்டு விடுகிறது. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகிறது. அதோடு சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் முதலிய உப்புக்களும் போகின்றன. சதை ஒழுங்காகச் சுருங்கி விரிய இவை எல்லாம் வேண்டும். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுபவருக்குக் காலும் பிடித்துக் கொள்கிறது என்றால், சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதே முதற் சந்தேகம். கொல்லிமலை போன்ற குளிர்ந்த இடங்களில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்து கொள்கிறது.

குறைந்தாலும் ஆபத்து

சர்க்கரை மிகுந்தால்தான் தொல்லை என்று எண்ணி விடக் கூடாது. இன்சுலின் போட்டுக் கொள்பவர்களுக்கும், சில வகை மாத்திரைகள் உண்பவர்களுக்கும் இரவில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது உண்டு. இராச் சாப்பாட்டைக் குறைத்து விட்டு மருந்தை மட்டும் முழு அளவில் எடுத்துக் கொண்டால் இது நேரும். உடை நனைய வியர்வை, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவற்றோடு கால் பிடிப்பும் சேர்ந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் வலி வந்த உடனேயே விரலில் குத்திப் பார்ப்பது நல்லது. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடித்து விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இரத்த ஓட்டம் குறைந்தால்

சற்று தூரம் நடந்ததும் ஆடுசதை வலிக்கிறது. நின்றால் விட்டு விடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது. இது காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டு வருவதன் அடையாளம். மலைச் சரிவில் ஏறுபவர்கள் இதை அலுப்பு என்றே எண்ணிக் கொள்வார்கள். நோய் முற்றினால், படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் தணியும். இது குரக்குவலி அல்ல. நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டிய வலி. புகை பிடிப்பவர்களுக்கு இந்த அபாயம் பல மடங்கு.

மருந்தே காரணமாவது

நீரிழிவுக்காரர்கள் பலருக்கு இரத்தக் கொதிப்பும் இருக்கும். அதற்காகத் தரும் மருந்துகளில் சில, சிறுநீரைப் பெருக்கி உப்பைக் குறைப்பவை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளால் சிலருக்குச் சதை வலி வருகிறது. நீரிழிவுக்கு மிகுதியாக வழங்கப்படும் மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உண்டால், உடலில் வைட்டமின் பி12 குறையக் கூடும். அது குறைந்தால் நரம்பு கெடும். மாமிசம், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களுக்கு இந்தக் குறைவு விரைவில் வரலாம்.

இதைப் படித்து விட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. உண்ணும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டினால் போதும். எதை மாற்றுவது என்று அவர் முடிவு செய்வார். சிறுநீரகம், தைராய்டு, ஈரல் ஆகியவற்றின் கோளாறுகளும் கால் பிடிப்பாக வெளிப்படலாம். அவற்றையும் அவர் சோதித்துப் பார்ப்பார்.

ஆட்டுக்கால் கிழங்கு

கொல்லிமலைக்குப் போய் வருபவர்கள் பலர் பையில் போட்டுக் கொண்டு வரும் பொருள் முடவாட்டுக்கால் கிழங்கு. ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வர். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு செடியின் தண்டு அது. பழுப்பு நிற ரோமம் மூடி, பார்வைக்கு ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். தோலைச் சீவி, மிளகு சீரகம் சேர்த்து ரசமாக வைத்துக் குடிப்பார்கள். கால் வலிக்கும் மூட்டு வலிக்கும் நல்லது என்பது மலை மக்களின் நெடுநாள் நம்பிக்கை.

சுடச்சுடக் குடித்தால் குளிருக்கு இதம்தான். ஆனால் நீரிழிவால் வரும் குரக்குவலியை இது தீர்க்கும் என்பதற்கு நோயாளிகளிடம் முறையாகச் சோதித்த நிரூபணம் இல்லை. ரசத்தைக் குடிப்பதில் தவறில்லை. அதை நம்பிச் சர்க்கரையைப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

உணவும் மாறி விட்டது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை நிலங்களில் சென்ற சில பத்தாண்டுகளாக மரவள்ளிக் கிழங்கு பெருகி விட்டது. சிறு தானியங்களைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பல ஆண்டுகள் பாடுபட்டது. சாமைச் சோற்றில் அரிசிச் சோற்றை விட நார்ச்சத்து அதிகம். அதற்காக வயிறு நிறைய உண்டால் சர்க்கரை ஏறாது என்று அர்த்தமில்லை.

குயினைன் பாடம்

ஒரு காலத்தில் கெண்டைக்கால் பிடிப்புக்கு மேல்நாடுகளில் குயினைன் மாத்திரை கொடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான அதே குயினைன்தான். நீலகிரியில் 1860-களில் சின்கோனா மரம் பயிரிட்டு, நடுவட்டத்தில் அதன் பட்டையிலிருந்து மருந்து எடுத்த வரலாறு தமிழ்நாட்டுக்கும் உண்டு. குயினைன் பிடிப்பை ஓரளவு குறைப்பது உண்மை. ஆனால் சிலருக்கு அது இரத்த அணுக்களைக் கெடுத்து உயிருக்கே உலை வைத்தது. இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும் குணமும் அதற்கு உண்டு. கால் பிடிப்புக்காக அதைக் கடையில் தாராளமாக விற்பதை அமெரிக்க அரசு 1994-ல் தடுத்து விட்டது. மக்னீசியம் மாத்திரையும் வயதானவர்களின் பிடிப்புக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்று 2020-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது.

செலவில்லாத சிகிச்சை

பிடித்துக் கொண்ட உடனே செய்ய வேண்டியது இதுதான். முழங்காலை நீட்டுங்கள். கால் விரல்களைப் பிடித்து முகத்தை நோக்கி இழுங்கள். ஆடுசதை நீண்டு கொடுக்கும், இறுக்கம் விடும். எழுந்து நிற்க முடிந்தால் குதிகாலைத் தரையில் ஊன்றி நிற்கலாம்.

படுக்கப் போகுமுன் சுவருக்கு இரண்டு மூன்றடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். சில விநாடிகள் நின்று திரும்புங்கள். இப்படிச் சில தடவை. 55 வயதைக் கடந்த 80 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. இரவுதோறும் ஆறு வாரம் காலை இவ்வாறு நீட்டிப் பழகியவர்களுக்குப் பிடிப்பு குறைந்ததாக அதில் கண்டார்கள்.

நெருப்பருகே ஜாக்கிரதை!

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. குளிர் இரவில் கால் வலித்தால் அடுப்பருகே காலை நீட்டிக் காய்வதும், கொதிக்கும் நீரில் ஒத்தடம் கொடுப்பதும் வழக்கம். நரம்பு கெட்ட பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகே தெரியும். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் அழுகி, இறுதியில் காலையே எடுக்க நேர்ந்த துயரங்கள் உண்டு. ஒத்தடம் கொடுத்தே ஆக வேண்டுமானால் சூட்டை வீட்டில் வேறொருவர் கையால் பார்க்கட்டும். வெறுங்காலோடு நடப்பதையும் விட வேண்டும். இரவில் படுக்குமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பது கால் காக்கும் பழக்கம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். அந்த நாளில் மலைவாசி ஒருவர் சிகிச்சை பெற வேண்டுமானால் கீழே இறங்கித்தான் வர வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது.

மாத்திரை கொண்டு வருபவரிடம், "இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை முறை, அப்போது வியர்த்ததா, நடக்கும்போதும் வலிக்கிறதா என்று குறித்து வைத்துக் கொண்டு டாக்டரைப் பாருங்கள். இரத்தச் சர்க்கரை, உப்பு, சிறுநீரகம், பாத நரம்பு, பாத நாடி இவற்றைச் சோதித்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும். தேவனூர் நாட்டுக் குடியானவர் மறுநாளும் மேடு ஏற வேண்டியவர். அவருக்கு அந்தக் கால்கள் வேண்டும்.