சின்னப் பாய்மரப் படகுக்கு எந்த டிங்கி?

'டிங்கி' இந்தியிலும் வங்காளத்திலும் புழங்கும் சொல். அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போச்சு. பெரிய படகை நங்கூரம் போட்டு நிறுத்திட்டு, கரைக்குப் போய்வர வச்சிருக்கும் குட்டிப் படகுக்கு இந்தப் பேர். 25, 30 அடிப் பாய்மரப் படகில் மாதக்கணக்காகப் பயணம் போறவங்களுக்கு அதுதான் சைக்கிள், அதுதான் தண்ணி வண்டி. குடிதண்ணி, அரிசி, காய்கறி எல்லாம் அதில்தான் வந்தாகணும்.

முதல்ல இடம்

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து, பாய்மரத்துக்கும் அறைக் கதவுக்கும் நடுவே எவ்வளவு நீளம் இருக்குன்னு அளந்து பாருங்க. இந்த அளவுப் படகுகளில் ஏழு, எட்டு அடி கிடைச்சாலே பெரிசு. அங்கே டிங்கியைக் கவிழ்த்து வச்சா, சுக்கான் பிடிக்கிறவருக்கு முன்னாடி கடல் தெரியணும். பாயை இறக்க மரத்துக்கிட்ட போக வழி இருக்கணும்.

'பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போயிடலாமே'ன்னு தோணும். அமைதியான குடாவுக்குள் அது சரி. திறந்த கடலில் பின்னலை வந்தா டிங்கி பாய்ந்து வந்து நம்ம படகிலேயே மோதும். தண்ணி நிறைஞ்சா கயிறு அறுந்து, டிங்கியே போயிடும்.

காற்றடைத்ததா, கெட்டியானதா?

காற்றடைக்கும் டிங்கியைச் சுருட்டி உள்ளே வச்சிடலாம். எடை குறைவு, ஓரத்தில் மிதிச்சு ஏறினாலும் லேசில் கவிழாது, பெரிய படகின் பெயின்ட்டையும் உரசாது. ஆனா வெயில் அதுக்கு எதிரி. பிவிசி துணி வெப்பமண்டல வெயிலில் சீக்கிரம் பிசுபிசுத்து, ஒட்டு விட்டுடும். ஹைபலான் வகை ரப்பர்துணி விலை அதிகம், பல வருஷம் கூடுதலா உழைக்கும். ஹைபலான் என்பது டுபாண்ட் கம்பெனி வச்ச பேர். அவங்க 2010-இல் தயாரிப்பை நிறுத்திட்டாங்க, அதே வகைப் பொருளை மற்றவங்க செய்யறாங்க.

ஃபைபர் அல்லது பிளைவுட் டிங்கி கல்லுக்கரையில் இழுத்தாலும் தாங்கும், துடுப்புக்கு நல்லா ஓடும். ஆனா எட்டடி ஃபைபர் டிங்கி 45, 50 கிலோ வரும். தூக்கிவைக்கப் பாய் ஏற்றும் கயிறு உதவி வேணும். லைல் ஹெஸ் வடிவமைத்த 'ஃபேட்டி நீஸ்' இந்த வகையில் பேர்போனது. 7, 8, 9 அடி நீளங்களில் வந்தது. லின், லாரி பார்டி தம்பதி எஞ்சினே இல்லாமல் உலகம் சுற்றிய 'செராஃபின்' படகும் அவர் வடிவமைப்புதான்.

நடுவழியும் உண்டு: ரெண்டா கழட்டி ஒண்ணுக்குள் ஒண்ணு வைக்கும் டிங்கி, தட்டையா மடிக்கும் பாலிபுரொப்பிலீன் டிங்கி.

துடுப்புதான் பரீட்சை

ராத்திரி கரையிலிருந்து திரும்பறீங்க. காற்று கடலை நோக்கி வீசுது. பாதி வழியில் மோட்டார் நின்னுபோச்சு. காற்றடைத்த டிங்கி உப்பலா இருப்பதால் காற்று அதைத் தள்ளிட்டே போகும், துடுப்புப் போட்டு எதிர்த்து வர்றது ரொம்பக் கஷ்டம். அதை வாங்கினா ஒரு சின்ன நங்கூரமும் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் எப்பவும் அதிலேயே இருக்கட்டும். பெரிய படகு தரை தட்டினாலும் இதே கதைதான். இரண்டாவது நங்கூரத்தை ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போட, துடுப்புக்கு ஓடும் டிங்கி வேணும்.

உயிர்காக்கும் படகாகுமா?

1972-இல் ராபர்ட்சன் குடும்பத்தின் 'லூசெட்' படகை கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர்க்கா திமிங்கிலங்கள் மோதி மூழ்கடிச்சுது. காற்றடைத்த மிதவை ரெண்டு வாரம் தாண்டியதும் வீணாப்போக, ஆறு பேரும் சுமார் 3 மீட்டர் ஃபைபர் டிங்கிக்குள் நெருக்கி உட்கார்ந்து, மொத்தம் 38 நாள் கழித்து மீட்கப்பட்டாங்க. அதுக்காக டிங்கியை மட்டும் நம்பிப் போக வேண்டாம். எந்த நேரமும் அது வெட்டிவிடத் தயாரா மேல்தளத்தில் இருந்தா உதவும்னு மட்டும் எடுத்துக்கலாம்.

என் கணக்கு இது: மேல்தளத்தில் ஏழடி இடம் இருந்து, தூக்க ரெண்டு பேர் இருந்தா கெட்டி டிங்கி. இடமே இல்லைன்னா ஹைபலான் வகையில் ஒண்ணு, கூட நல்ல நீளமான துடுப்பு. எதுவானாலும், காசு கொடுக்கும் முன்னாடி ஒருதரம் எதிர்காற்றில் துடுப்புப் போட்டுப் பாருங்க.