2059 வரை கறையான் பொறுக்குமா?

போன மாதம் அப்பாவின் சிறுகதைத் தொகுதியை எடுத்துக்கொண்டு தெஹிவளைச் சந்திப் பக்கம் ஒரு போட்டோ கொப்பிக் கடைக்குப் போனேன். 1974இல் அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அச்சடித்த புத்தகம். வீட்டில் மிஞ்சியது இந்த ஒரு பிரதிதான். கடற்காற்றுப் பட்டுத் தாள் பழுத்து, திருப்பினால் ஓரம் உதிர்கிறது. கடைத் தம்பி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "டீச்சர், முழுப் புத்தகம் அடிக்கேலாது. சட்டமெல்லாம் இருக்கு" என்றார்.

ஏ.எல். பிள்ளைகளுக்கு முழுப் புத்தகங்கள் நகலாகிப் போவதை இந்தத் தெருவில் முப்பது வருடமாகப் பார்த்தவள் நான். சிரிப்பு வந்தது. ஆனால் தம்பி சொன்னது பிழையில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் இன்னும் 70 வருடமும் பதிப்புரிமை நிற்கும். அதற்கு முந்திய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 50 வருடமாக இருந்தது. ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தவர்; அவருடைய நூல்களை யாரும் அச்சிடலாம். விபுலானந்த அடிகள் 1947இல் போனார். அவருடைய கணக்கு பழைய சட்டத்தின் 50 வருடத்தோடு 1997 உடனேயே முடிந்துவிட்டது. புதிய சட்டப்படி, 1961இல் இறந்த இலங்கையர்கோனுக்கு 2031 வரை. எங்கள் தெஹிவளையிலேயே 2011இல் கண்மூடிய பேராசிரியர் சிவத்தம்பிக்கு 2081. அப்பா 1989இல் காலமானார், ஆகவே 2059. அதுவரை அந்தக் கதைகளின் உரிமை அவருடைய மூன்று பிள்ளைகளுக்கு. மூத்தவள் நானே முன்னால் நிற்கிறேன் என்று விளங்கப்படுத்திய பிறகுதான் தம்பி மெஷினைத் திறந்தார்.

எழுத்துக்கு உரிமையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் எத்தனை வெளியீட்டு விழாக்களுக்குப் போயிருப்பேன்! முந்நூறு பிரதி, மிஞ்சினால் ஐந்நூறு. அச்சகக் கடனை அடைக்க முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த கிழமையே அந்தப் புத்தகம் பிடிஎஃப் ஆகி வாட்ஸ்அப்பில் சுற்றினால், எழுதியவனின் வயிற்றில் அடிப்பதுதான் அது. அதற்கு 'அறிவைப் பரப்புகிறோம்' என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

படிப்பிக்கிறவர்களுக்கும் நூலகங்களுக்கும் அதே சட்டம் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. வகுப்புக்காக ஒரு சிறு பகுதியை எடுக்கலாம். தொலைந்த, பழுதான பிரதிக்குப் பதிலாக நூலகம் ஒன்றைப் படியெடுத்து வைக்கலாம். இதற்கு 'நியாயமான பயன்பாடு' என்று பெயர். இந்தியாவில் இன்னும் தாராளம். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி என்ற நகல் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்துக்காக மாணவருக்குத் தொகுத்துக் கொடுக்கும் பக்கங்கள் பதிப்புரிமை மீறலாகாது என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் நம்முடைய சிக்கல் ஆக்ஸ்போர்டின் சிக்கல் இல்லை. நம்மிடம் உரிமை உயிரோடு இருக்கிறது, புத்தகம் செத்துப்போகிறது. அச்சிட்டவர் கடையை மூடி எவ்வளவோ காலம். எழுதியவரின் பிள்ளைகள் எந்த நாட்டில் என்று தெரியாது. விற்பாரும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாகிப் போயின. அவற்றிலும் எத்தனையோ நூல்களுக்குப் பதிப்புரிமை இருந்திருக்கும். இரண்டாவது பிரதி இல்லாத ஏட்டை அந்த உரிமை மீட்டுத் தரவில்லை.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலரும் கூட என்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை எண்ணிமமாக்கி, யாரும் காசில்லாமல் படிக்க வைத்திருக்கிறார்கள். உரிமை உள்ளவர்கள் மனம்வைத்து அனுமதி கொடுத்தால்தான் இந்த வேலை ஓடும்.

அப்பாவின் தொகுதியையும் அங்கே கொடுப்போம் என்று கனடாவில் இருக்கும் தம்பிக்குச் சொன்னேன்.

"சும்மா ஏனக்கா குடுக்கிறியள்? வித்தால் நாலு காசு வராதோ?"

"ஆருக்கடா விக்கிறது? அம்பது வருசத்தில ஆராவது தேடி வந்தவையோ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பா கேட்டிருந்தால் ஓமெண்டுதான் சொல்லியிருப்பார்" என்றான். மற்றப் பிள்ளைகளும் சம்மதம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இருவருக்கும் அனுப்பினேன். தம்பி கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டான். மெல்பேர்ணில் இருக்கும் தங்கச்சியிடமிருந்து இன்னும் வரவில்லை, வேலை நெருக்கடியாம்.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து அக்காவோ அண்ணனோ இப்படியொரு கடிதம் அனுப்பினால், அன்றைக்கே கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.