கடல் இல்லா ஊரில் கடற்பாசி

கேரள நாட்டுக்குக் கடற்கரை நீளம். ஆயினும், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடல் இல்லை. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் உள்ளோர்க்குக் கடல் என்றால் பாரதப்புழை கலக்கும் பொன்னானி. மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளிப் பக்கத்தார்க்கோ மலை இறங்கி நெடுந்தூரம் சென்றாலன்றிக் கடற்காட்சி கிட்டாது. இருந்தும் கடல் நம் வீட்டிற்குள் வாராமல் இல்லை. உப்பாகவும் கருவாடாகவும் வருவதை நாம் அறிவோம். பாசியாக வருவதைத்தான் பலரும் அறியோம்.

குழந்தைகளுக்குப் பாலில் கட்டிக் கொடுக்கும் 'சைனா கிராஸ்' புல் அன்று. அது செந்நிறக் கடற்பாசியின் சாறு. பற்பசை வழிந்தோடாமல் நிற்பதற்கும், ஐஸ்கிரீம் மணல் மணலாக உறையாமல் இருப்பதற்கும் செம்பாசிச் சத்து உதவுகிறது. இப்பொழுதோ நம் இளைஞர் சிலர் உவர்நீர் மீன்தொட்டி அமைத்து, அதில் பவளப்பாறைக் காட்சியையும் செம்பாசியையும் வளர்க்க விரும்புகின்றனர். அது இயலுமா, தகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

செம்மையின் காரணம்

மரம் செடிகளைப் போன்றே செம்பாசியிலும் பச்சையம் உண்டு. ஆனால் 'பைகோ எரித்ரின்' என்னும் செந்நிறப் பொருள் அதை மறைத்து நிற்கிறது. ஞாயிற்றின் ஒளியில் சிவப்புக் கதிர்கள் கடலின் மேற்பரப்பை அடுத்தே மறைந்துவிடுகின்றன. நீலமும் பச்சையுமே ஆழத்திற்கு இறங்கும். அந்தக் கதிர்களைப் பிடித்து உணவாக்கும் திறம் இச்செந்நிறப் பொருளுக்கு உண்டு. 1984ஆம் ஆண்டில் பஹாமாத் தீவுகளை அடுத்த கடலில் 268 மீட்டர் ஆழத்தில் செம்பாசி ஒன்று பாறையோடு ஒட்டி வாழக் கண்டனர். மனிதக் கண்ணுக்குக் கும்மிருட்டாகத் தோன்றும் இடத்திலும் அது ஒளி தேடி உண்கிறது!

பாசிக்கு வேர் இல்லை. அடியில் உள்ள பற்று, பாறையைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. உடல் முழுவதாலும் நீரிலுள்ள சத்தை உறிஞ்சும். ஆகவே ஒரு துண்டை ஒடித்துக் கட்டினாலும் அது தனியே வளரும். இந்த இயல்பே கடலில் பாசி வேளாண்மைக்கும், வீட்டுத் தொட்டி வளர்ப்புக்கும் அடிப்படை.

மண்டபம் என்னும் ஊர்

பாசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இராமநாதபுரத்து மண்டபத்தை விட்டுவிட முடியாது. வெள்ளையர் ஆட்சியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி, நோய்ச் சோதனை முடித்தே கடல் கடக்க விடுத்தனர். நம் தேவிகுளம், பீர்மேட்டு மலைகளுக்கு ஏறி வந்தோரைப் போலவே பிழைப்புக்காக ஊரைப் பிரிந்தவர்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பி வந்தோரையும், 1983க்குப் பின் அடைக்கலம் தேடி வந்தோரையும் ஏற்றதும் அவ்வூரே.

1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971இல் கொச்சிக்குப் பெயரும்வரை மண்டபம் கேம்ப்பிலேயே இயங்கியது. இன்றும் அதன் மண்டல நிலையம் அங்கு உண்டு. பவநகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தின் பாசி ஆய்வுக் கிளையும் அங்கேயே உள்ளது. தொழிலாளர் கூட்டம் காத்துக் கிடந்த கரையிலேயே பாசியியல் வளர்ந்தது.

அக்கரையில் தானாக வளரும் கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் பெண்கள் மூழ்கி எடுத்து வருகின்றனர். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கீறாதிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் செருப்பு. கருவி இவ்வளவே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றபின், தாயும் பாட்டியும் பாசி எடுத்த இடங்களுக்குச் செல்வதே குற்றம் என்னும் நிலை ஏற்பட்டது. அப்பெண்கள் சோர்ந்துவிடவில்லை. சங்கமாகக் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். அவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் 'சீகாலஜி' என்னும் உலகப் பரிசு கிடைத்தது. பள்ளி அதிகம் காணாத ஒரு மீனவப் பெண் கடற்பாதுகாப்புக்காகப் பெற்ற பரிசு அது என்பதை நம் பெண்மக்கள் அறிதல் நலம்.

தெப்பத்தில் ஒரு வயல்

நிற்க. இக்கரையில் வளர்க்கப்படும் மற்றொரு செம்பாசி 'காப்பாபைக்கஸ்'. பிலிப்பைன்ஸ் நாட்டைச் சார்ந்தது. 1980களில் ஆராய்ச்சிக்காகக் குஜராத்துக் கரைக்கு வந்து, பின்னர் மண்டபம் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெப்சி நிறுவனம் இதன் வளர்ப்பில் இறங்கியதால், மக்கள் இதனைப் 'பெப்சிப் பாசி' என்றே அழைக்கலாயினர். அந்நிறுவனம் விலகிப் பல ஆண்டுகள் ஆகியும் பெயர் விலகவில்லை.

12 அடிச் சதுரத்தில் மூங்கில் தெப்பம் கட்டி, 20 கயிறுகள் பூட்டி, கயிற்றுக்கு 20 துண்டாகப் பாசியைக் கட்டுவர். துண்டு ஒன்று 150 கிராம் என்றால் விதைப்பாசி 60 கிலோ. 45 நாளில் இருநூறு கிலோவுக்கு மேல் அறுக்கலாம். உலர்ந்தபின் எடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். ஓரா மீன் மேய்ந்துவிடாதிருக்கத் தெப்பத்தின் அடியில் பழைய வலையைக் கட்டுவதும் உண்டு. இப்பாசியைப் பிழிந்த சாறு பயிருக்குத் தெளிக்கும் ஊட்டமாகவும் விற்கப்படுகிறது. ஆகவே கடலையே காணாத மலைத் தோட்டக்காரர் கையிலும் மன்னார் வளைகுடாவின் பாசி வந்து சேரக்கூடும்.

குருசடைத் தீவு தரும் பாடம்

வளர்த்த பாசி வேலிக்குள் நிற்கவில்லை. குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்களின்மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆராய்ச்சியாளர் 2008இல் எடுத்துக் காட்டினர். போர்வை மூடிய பவளத்திற்கு ஒளி இல்லை. ஒளி இன்றேல் உயிர் இல்லை. பாக் நீரிணையின் வடகரையிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று தமிழக அரசாங்கம் 2005லேயே வரையறுத்திருந்தது. ஆயினும் கடல் அரசாணையைப் படிப்பதில்லையே!

இத்தகைய செடிகளை 'வந்தேறி' என்று எழுதுவோர் உண்டு. பிழைக்க வந்த இடத்தில் அச்சொல்லைக் கேட்டுப் பழகிய நாம் அதை எளிதில் கையாளமாட்டோம். பாசி தானாக வரவில்லை. கொண்டுவந்து இட்டது மனிதன். பழி பாசிக்கு அன்று; காவலின்றி விட்டவர்க்கே உரியது. அதே சமயம், தெப்பத்தை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களின் அடுப்பையும் எண்ணவேண்டும். பின்னாளில் கடல்நீர் மிகவும் வெம்மையுற்ற ஆண்டுகளில் பாசி வெளுத்து அழுகியபோது, பட்டினி கண்டது அக்குடும்பங்களே. பவளமும் வாழவேண்டும், உழைப்பவரும் வாழவேண்டும் என்பதே நம் நிலை.

நம் வீட்டுத் தொட்டியில்

இனி வீட்டுக்கு வருவோம். செம்பாசித் தொட்டிக்கு வேண்டுவன ஐந்து: உப்பு, வெப்பநிலை, ஒளி, நீரோட்டம், ஊட்டம்.

உப்பு என்றால் சமையல் உப்பு அன்று. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன கலந்த கடலுப்புக் கலவையை, தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்கவேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை. ஆதலால் குறைந்த அளவுக்கு நல்ல நீரையே ஊற்றவேண்டும். உப்புநீரை ஊற்றினால் நாளடைவில் காரம் ஏறிவிடும்.

வெப்பநிலை 24 முதல் 27 பாகை வரை இருத்தல் நன்று. இதில்தான் நம் இரு மாவட்டங்களுக்கும் நேர் எதிரான தொல்லை. மார்கழி, தை மாதங்களில் மூணாற்றில் புல்மேல் உறைபனி படியும் இரவுகள் உண்டு. அங்கே நீரைச் சூடாக்கும் கருவி இல்லாமல் முடியாது. பங்குனி, சித்திரையில் பாலக்காடோ 40 பாகையைத் தொடும். அங்கே குளிர்விக்கும் கருவி வேண்டும். மின்சாரம் ஓர் இரவு நின்றாலும் இடர்தான்.

நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நல்ல விளக்கொளியும், துண்டுகள் அசையும்படி சிறு பம்பின் ஓட்டமும் வேண்டும். ஊட்டத்தை நாம் தேட வேண்டியதில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உணவு. பாசி அதை உண்பதால் மீனுக்கு நீர் தூய்மையாகிறது. பெரிய தொட்டியை ஒட்டிய சிறு தொட்டியில் பாசியை வைத்து, இரவில் அதற்கு ஒளி கொடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பெரிய தொட்டி இருளில் மூச்சுவிட்டு நீரைப் புளிக்கச் செய்யும் நேரத்தில், சிறு தொட்டி அதனைச் சமன் செய்யும். வளர்ந்த பாசியை அவ்வப்போது கத்தரித்து வெளியேற்ற வேண்டும். அழுகவிட்டால் உண்ட கழிவு முழுவதும் மீண்டும் நீரிலேயே சேரும்.

கஞ்சிப்பாசி இனத்தைத் தொடக்கக்காரர் வளர்க்கலாம். பூங்காக் கடலிலிருந்து பறித்ததை வாங்கலாகாது; வளர்த்துப் பெருக்கியதையே கேட்டு வாங்கவேண்டும். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் கடுங்குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று எவரேனும் கூறினால், அந்த மலிவை நாம் நாடவேண்டா.

மிஞ்சிய பாசியைக் கடலிலோ கழிமுகத்திலோ எறியாமல் வெயிலில் உலர்த்தி, உப்புப் போகக் கழுவி எருக்குழியில் இடுக. கழித்த உப்புநீரை ஏலச்செடியின் அடியிலோ கிணற்றங்கரையிலோ ஊற்றாதிருத்தல் நலம்.

நாள்தோறும் கூலிக்குச் செல்லும் இல்லங்களுக்கு இது செலவு மிக்க பொழுதுபோக்கே. ஒவ்வொரு வீட்டிலும் தொட்டி வேண்டும் என நாம் சொல்லோம். ஊருக்கு ஒரு பள்ளியில் ஒரு தொட்டி இருப்பின் போதும். கடலைப் பாராத மலைநாட்டுப் பிள்ளைகள் அதன்முன் நின்று, செந்நிற இலை அசைவதைக் காணட்டும். அதை மூழ்கி எடுக்கும் பெண்களும், தெப்பம் கட்டும் குடும்பங்களும், மூடுண்ட பவளமும் அக்கண்ணாடிக்கு அப்பால் இருப்பதை ஆசிரியர் எடுத்துரைக்கட்டும். அவ்வறிவு வருமானால் அத்தொட்டிக்கு ஆன செலவு வீணாகாது.