தானியங்கி மியூலும் நூற்பாளரும்

தொழினுட்ப முன்னேற்றம் மனித அறிவின் தன்னியல்பான வளர்ச்சியே என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. பருத்தி நூற்பியந்திரத்தின் வரலாறு இதனை மறுபரிசீலனை செய்ய எம்மைத் தூண்டுகின்றது.

1779இல் சாமுவேல் குறொம்ரன் உருவாக்கிய மியூலில், கதிர்களைத் தாங்கிய வண்டி வெளியே நகரும்போது இழை நீண்டு முறுக்கேறும். உள்ளே மீளும்போது நூல் கதிரிற் சுற்றப்படும். வெளிச்செலுத்தும் வேலையை நீராவி ஏற்றபின்னரும், சுற்றும் வேலை நூற்பாளரின் கைத்திறனிலேயே தங்கியிருந்தது. நூற்கண்டு பருக்கப் பருக்கக் கதிரின் வேகத்தை மாற்றவேண்டும்; தவறினால் நூல் அறும், அன்றேல் தளரும். இத்திறனே அவர்களது பேரம்பேசும் பலமுமாயிற்று.

வேலைநிறுத்தங்களால் கலங்கிய இலங்காஷயர் வட்டார ஆலை முதலாளிகள் மான்செஸ்ரர் பொறியியலாளர் றிச்சாட் றொபேட்ஸை நாடினர். 1825இலும் 1830இலும் அவர் காப்புரிமை பெற்றார். பின்னையதன் கால்வட்டப் பொறியமைப்பு, கதிரின் வேகத்தைத் தானே சீர்செய்தது. 1835இல் அன்ட்றூ யூர் இதனைத் தொழிலாளரை அடக்கும் கருவியெனப் போற்றினார். அவரது சாட்சியத்தையே மார்க்ஸ் 1867இல் ‘மூலதன’த்தில் முதலாளித்துவத்திற்கு எதிராகத் திருப்பினார்.

ஆயினும் நூற்பாளர் மறைந்துவிடவில்லை. அறுந்த இழைகளைப் பிணைக்கும் சிறுவரை மேற்பார்வை செய்வோராக அவர்கள் நிலைத்தனர், தொழிற்சங்கங்களை வலுப்படுத்தினர், துண்டுக்கூலிப் பட்டியல்களைப் பேசித் தீர்மானித்தனர். எனவே இயந்திரம் மூலதனத்தின் ஆயுதமாகப் பிறந்ததெனினும், போராட்டத்தின் முடிவை அது மட்டும் நிர்ணயிக்கவில்லை என்பதே நாம் பெறும் முடிபாகும்.