மணி அடிச்ச பிறகு ஒரு மணி நேரம்



சாயங்காலம் பள்ளி விட்டதும் நம் மைதானத்தில் கோ-கோ பயிற்சி நடப்பது எல்லாருக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் பையை வச்சுட்டு வேடிக்கை பார்க்கிறவங்க நிறைய பேர். உள்ளே வந்து உட்காருகிறவங்கதான் குறைச்சல். இந்த வருடம் எனக்கும் என் வகுப்புத் தோழிகள் நாலு பேருக்கும் வயது கூடிவிட்டது. நாங்கள் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போகிறோம். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் மிச்சம் இருப்பது 6 பேர். களத்தில் இறங்க 9 பேர் வேண்டும். மாற்று ஆட்டக்காரர்கள் 3 பேரையும் சேர்த்தால் 12 பேர். ஆள் சேராவிட்டால் குறுவட்டப் போட்டிக்குச் சின்னப் பிள்ளைகள் அணியே போக முடியாது. 6, 7, 8 வகுப்புத் தங்கைகளே, உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கோ-கோ எப்படி ஆடுவது?

மைதானத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம் இருக்கும். இரண்டு கம்பத்துக்கும் நடுவில் ஒரு பாதை. அந்தப் பாதையில் 8 கட்டங்கள். விரட்டும் அணியில் 8 பேர் அந்தக் கட்டங்களில் உட்காருவார்கள். ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்ப்பாள். ஒன்பதாவது ஆள் எழுந்து விரட்டுவாள். ஓடும் அணியிலிருந்து மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். ஒருத்தியைத் தொட்டால் ஒரு புள்ளி. எங்கள் சின்னப் பிரிவில் 7 நிமிடம் விரட்டணும், 7 நிமிடம் ஓடணும். இது ஒரு இன்னிங்ஸ். மொத்தம் 2 இன்னிங்ஸ்.

ஓடுகிறவள் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு நடுவில் புகுந்து எந்தப் பக்கமும் போகலாம். விரட்டுகிறவள் அப்படிப் புக முடியாது. கம்பத்தைச் சுற்றித்தான் மறுபக்கம் போகணும். கிளம்பின திசையை விட்டுப் பாதியில் திரும்பவும் கூடாது. அப்போ மறுபக்கம் தப்பிச்சுப் போனவளை எப்படிப் பிடிப்பது? அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" என்று சத்தமாகச் சொல்லணும். அவள் எழுந்து பாய்வாள். இவள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடணும்.

"எனக்கு ஓட வராதே!"

நிறைய பேர் இதைத்தான் சொல்றாங்க. மேலே எழுதியதை இன்னொரு தடவை படிங்க. எவ்வளவு வேகமாக ஓடுகிறவளாக இருந்தாலும் விரட்டும்போது கோட்டைத் தாண்ட முடியாது. "கோ" கொடுக்கத்தான் வேண்டும். வாங்குகிறவள் தூங்கிக்கொண்டிருந்தால் ஆட்டம் போச்சு. "கோ" வருவதற்கு முன்னாடியே எழுந்துவிட்டால் ஃபவுல். விசில் ஊதிடுவாங்க, ஓடுகிறவள் தப்பிச்சுடுவாள். அதனால் உட்கார்ந்திருக்கும் 8 பேருக்கும் கண்ணும் காதும் திறந்திருக்கணும். எங்கள் அணியில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வரும் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் அவள் காதில் "கோ" விழுந்ததும் எழுகிற வேகத்தில் வேறு யாரும் எழ மாட்டாங்க. கம்பத்துப் பக்கத்து இடம் அவளுக்குத்தான். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? ஒருத்தி ஓடினால் கோ-கோ வராது.

"படிப்பு கெட்டுப் போகாதா?"

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு களைக்க விளையாடணும், ஓடணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமக்கு விளையாட்டுப் பீரியட் தினமும் கிடையாது. வருகிற பீரியடையும் பரீட்சை நேரத்தில் மற்ற பாடங்கள் கடன் வாங்கிக்கொள்ளும். வாங்கின கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை! எனவே அந்த 60 நிமிடத்துக்குச் சாயங்காலம்தான் வழி. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்த உடம்பு ஒரு மணி நேரம் ஓடியாடினால் ராத்திரி நல்லா தூக்கம் வரும். காலையில் எழுந்து படிக்கவும் தெம்பு இருக்கும்.

"பெரிய பிள்ளை ஆயிட்டா..."

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதணும் என்று டீச்சரும் சொன்னாங்க. ஆறாம் வகுப்பில் துள்ளிக் குதிக்கிற பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வந்ததும் மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் "இனிமே என்ன ஓட்டம்" என்று சொல்லிடுறாங்க. ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயிறு வலிக்கிற அன்றைக்கு உட்கார்ந்து ஸ்கோர் எழுதலாம். வலி இல்லை என்றால் விளையாடலாம், தப்பே இல்லை. நாலு நாள் ஓய்வு எடுக்கலாம், நாலு வருஷம் எதற்கு? சுடிதார் பேண்ட், டிராக் பேண்ட் எது வேண்டுமானாலும் போடலாம். துப்பட்டாவை மட்டும் பையில் வச்சுடுங்க, கம்பத்தில் மாட்டிக்கும்.

2025 ஜனவரியில் டெல்லியில் முதல் உலகக் கோப்பை கோ-கோ போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் நம் இந்தியப் பெண்கள் நேபாளத்தை வென்று கோப்பை வாங்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அவர்களையும் "இனிமே என்ன ஓட்டம்" என்று வீட்டில் உட்கார வைத்திருந்தால்?

வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

1. மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காதீங்க. சாயங்காலத்துக்கு ஒரு கடலைமிட்டாய் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும்.
2. தண்ணீர் பாட்டில் கட்டாயம் வேண்டும்.
3. வெறுங்காலில் ஆடுவதால் முதல் 5 நிமிடம் எல்லாரும் சேர்ந்து கல்லும் நெருஞ்சி முள்ளும் பொறுக்கணும். பிறகு உடற்பயிற்சி. அதற்குப் பிறகுதான் ஆட்டம்.
4. நகம் வெட்டணும். வளையல், கொலுசு கழற்றணும்.
5. ஒரே ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வந்து சேர்ந்தே போங்க. இருட்டுவதற்குள் விட்டுவிடுவாங்க.

வீட்டில் விடவில்லை என்றால் அழுதுகொண்டு உட்காராதீங்க. அம்மாவை ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க அம்மாவும் முதலில் "தண்ணி யாரு பிடிக்கிறது, ஆட்டுக்குட்டியை யாரு கட்டுறது" என்று கேட்டாங்க. இப்போ காலையிலேயே தண்ணீர் பிடித்துவிடுகிறேன். ஆட்டுக்குட்டியைத் தம்பி கட்டுகிறான். அவனுக்கும் கை இருக்கிறதே!

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிச் சொல்லும்போது, பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, யார் கூட இருக்கிறார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் நம்பாதவர்கள் நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

தங்கைகளே, பயிற்சியில் 8 கட்டத்துக்கு 6 பேர் உட்கார்ந்தால் இரண்டு கட்டம் காலியாகக் கிடக்கிறது. ஓடுகிறவள் சுலபமாக அந்த வழியாகத்தான் தப்பிக்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த இடத்தில் வந்து உட்காருங்க. "கோ" கொடுக்க நாங்க இருக்கோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி